லாரி லைனில் போகிறவன் சைவமாக இருக்க முடியுமா?

கேள்வி, 10.08.2024

அடுத்த மாதம் செகண்ட் டிரைவராக ஏறப் போகிறேன். சங்ககிரியிலிருந்து கல்கத்தா லைன். நான் சைவம். என் மாமா 20 வருஷம் வண்டி ஓட்டியவர். "ஆந்திரா தாண்டும் வரைக்கும்தான்டா உன் சைவம், அப்புறம் கிடைத்ததைத் தின்பாய்" என்கிறார். லைனில் போகிறவன் சைவமாக இருக்கவே முடியாதா? ஓட்டுகிற அண்ணன்கள் யாராவது சொல்லுங்கள்.

11.08.2024, இரவு 9.40

முடியும். 12 வருஷமாக இருக்கிறேன். அதே கல்கத்தா லைன், நடுநடுவே நாக்பூர், இரண்டு தடவை கௌஹாத்தி.

மாமா சொல்வதைப் பொய் என்று சொல்ல மாட்டேன் தம்பி. அப்படி மாறிப் போனவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் சைவச் சாப்பாடு கிடைக்காததால் மாறியவர் ஒருவர்கூட இல்லை. காலையில் குடித்த டீயோடு ஓட்டி, ராத்திரி 11.30க்கு ஒரு தாபாவில் நிறுத்தி, கூட வந்தவர் ஆர்டர் சொல்லி முடித்த பிறகு "எனக்கு என்ன இருக்கிறது" என்று பார்க்க ஆரம்பிப்பார்கள். அந்த நேரத்துப் பசிக்கு நியாயம் தெரியாது. அடுத்த வேளை என்ன சாப்பிடப் போகிறோம் என்பது முந்தின வேளையிலேயே முடிவாகி இருக்க வேண்டும். நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான், மற்றதெல்லாம் இதற்கான ஏற்பாடு.

ஏற்பாட்டில் முதலாவது அடுப்பு. முன்பு மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ், இப்போது 5 கிலோ சிலிண்டர். இரண்டு பேர் சமைத்தால் கல்கத்தா போய்த் திரும்பியும் மிச்சம் இருக்கும். ஒரு குக்கர், ஒரு கடாய், அரிசிக்கு ஒரு டப்பா, பருப்புக்கு ஒன்று. பங்க் வளாகத்துக்குள் பற்ற வைக்கவே கூடாது. டீசல் டேங்க் பக்கமும் வேண்டாம். வண்டியின் மறுபக்கம், காற்று மறைவாகப் பார்த்து உட்காருங்கள்.

ஹோட்டலில் சாப்பிட வேண்டி வந்தால் வாய்விட்டுக் கேளுங்கள், கேட்டால் போதும்.

11.08.2024, இரவு 10.15

என்னென்ன எடுத்துப் போவது என்று சொல்ல விட்டுப்போயிற்று. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், நார்த்தங்காய் ஊறுகாய், வற்றல், அவல். புளிக்காய்ச்சலில் நல்லெண்ணெய் மேலே நிற்க வேண்டும், ஈரக் கரண்டி படக் கூடாது. அப்படி வைத்தால் போகவர பத்து நாளுக்குக் கெடாது. காய்கறி சுமக்க வேண்டாம், வழியெல்லாம் கிடைக்கும்.

14.08.2024

கேரளா லைன்காரர் ஒருவர் எழுதியிருந்தார்: "ஊணு" என்று கேட்டால் சோற்றின் மேல் மீன் சாற்றைத் தானாகவே ஊற்றிவிடுகிறார்கள் என்று. ஆமாம், அங்கே அது காசில்லாமல் வருகிற குழம்பு, நம் ஊர் ரசம் மாதிரி. உட்காரும்போதே "வெஜிடேரியன் ஊணு" என்று சொல்லிவிட வேண்டும். வாளியோடு ஆள் வந்த பிறகு கையை நீட்டித் தடுத்தால் பாதி இலை நனைந்துவிடும். காலை என்றால் புட்டும் கடலையும், கவலையே இல்லை. கப்பை, அதாவது மரவள்ளிக் கிழங்கு, கிடைத்தால் மீன் கறிக்குப் பதில் மிளகாய்ச் சம்மந்தி (துவையல்) கேளுங்கள், அதுவே தனி ருசி.

வெளி மாநிலத்தை விட நம் ஊரில்தான் ஏமாறுவது அதிகம். பரோட்டாவுக்கு "சும்மா குழம்பு ஊற்றுங்கள்" என்றால் வருகிற சால்னா பல கடைகளில் கறி வெந்த சால்னாவாக இருக்கும், துண்டை மட்டும் ஒதுக்கியிருப்பார்கள். பரோட்டா மாவிலேயே முட்டை உடைத்துப் பிசைகிற கடைகளும் உண்டு. ராத்திரி நேரத்தில் நான் பரோட்டாக் கடையில் தோசைதான் சொல்வேன். ஆம்லெட் போட்ட கல்லிலேயே ஊற்றுவார்கள்தான். அதற்கெல்லாம் பார்த்தால் பட்டினிதான், பரவாயில்லை.

19.08.2024

"அண்ணா நீங்கள் எந்த ஆட்கள், பிறப்பிலேயே சைவமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பிறப்பிலே ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்காத வாரம் கிடையாது. சைவம் என்றதும் ஆளின் சாதியைத் தேடுவது எனக்குப் பிடிக்காது. ஒருத்தர் எதைச் சாப்பிடுகிறார் என்பதை வைத்து ஆளை எடைபோட நான் எழுதவில்லை. கேட்டதால் காரணத்தைச் சொல்கிறேன்.

2012 மே மாதம். பல்லடத்திலிருந்து கறிக்கோழி ஏற்றிக்கொண்டு பாலக்காடு, திருச்சூர் பக்கம் இறக்குகிற வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். விடிவதற்குள் இறக்கிவிட வேண்டிய லோடு. அன்றைக்கு வாளையாறு செக்போஸ்டில் வரிசை நகரவே இல்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து அந்த வரிச் செக்போஸ்ட்டை எடுத்தார்கள். அதற்கு முன்னால் அந்த வரிசையில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். மணி 11 ஆகிவிட்டது. கூண்டுக்குள் கோழிகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. கேனில் இருந்த குடிதண்ணீரைக் கொண்டுபோய் கூண்டு கூண்டாகத் தெளித்தேன். ஒரு கோழி கம்பிக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நீட்டினேன். ஒரு வாய் எடுப்பதும், தலையைத் தூக்கி விழுங்குவதும், மறுபடி என் கையைக் கொத்துவதுமாக நிதானமாகக் குடித்தது. நூற்றுக்கு மேல் செத்திருந்த வண்டியில் அந்த ஒன்று குடித்தது. கொண்டுபோய் அதையும்தான் இறக்கினேன்.

அன்று ராத்திரி இலையில் வந்ததைச் சாப்பிட முடியவில்லை. அவ்வளவுதான். யாரும் எனக்குப் போதிக்கவில்லை. அப்புறம் கடலூர் லோடு போகும்போதெல்லாம் வடலூரில் நிறுத்தித் தருமசாலையில் சாப்பிட்டுப் போக ஆரம்பித்தேன். 1867இல் வள்ளலார் ஏற்றிய அடுப்பு, இன்றும் அணையாமல் எரிகிறது. யார் என்ன என்று கேட்காமல் சோறு போடுகிறார்கள். ஓட்டுகிறவனுக்கு அந்த இடம் ஒரு பலம்.

02.09.2024, கரக்பூர் தாண்டி

முதல் நாள் "கேட்டால் போதும்" என்று எழுதினேன். அது தவறு. இந்த இடத்தில் நிறுத்தியதும் நினைவுக்கு வந்தது, திருத்திவிடுகிறேன்.

2015 என்று நினைவு. இதே ரோட்டில் ஓலைக்கூரை போட்ட சின்னச் சாப்பாட்டுக் கடை. சமைப்பவர் வயதானவர். "மாச் இருக்கிறதா?" என்று பருப்புச் சட்டியைக் காட்டிக் கேட்டேன். மாச் என்றால் மீன். "நா, நா, டால்" என்றார். வறுத்த பாசிப்பருப்பு, நல்ல வாசம். இரண்டாவது கரண்டி வாங்கிச் சாப்பிடும்போது நாக்கில் ஒன்று குத்தியது. எடுத்துப் பார்த்தால் முள், கண்ணாடி மாதிரி மெல்லிசாக. வங்காளத்தில் மீன் தலையைப் போட்டு உடைத்துப் பருப்பு வேக வைப்பார்கள். விருந்துச் சாப்பாட்டில் அதற்குத் தனி மரியாதை. அவர் பொய் சொல்லவில்லை. நான் மீன் கறியைக் கேட்கிறேன் என்று நினைத்து, இது பருப்பு என்றார். அவர் வழக்கப்படி பார்த்தால் தலை ருசிக்காகப் போடுவது, அதை யாரும் மீன் என்று எண்ணுவதில்லை.

நான் கத்திவிட்டேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். என் தமிழ் அவருக்குப் புரியவில்லை. ஆனால் கோபம் புரிந்தது, கரண்டியோடு அப்படியே நின்றார். வாந்தி எடுத்துவிட்டு வண்டியில் ஏறி பாலேசர் வரும் வரைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை. சாப்பிட்டுவிட்டதற்கு அல்ல. தெரியாமல் நடந்தது நடந்ததுதான், அதனால் 12 வருஷம் அழிந்து போகாது. அந்தப் பெரியவர் முகம்தான் கண்ணிலேயே நின்றது.

அடுத்த டிரிப்பில் அதே கடையில் நிறுத்தி டீ கேட்டேன். அடையாளம் கண்டுகொண்டார். பருப்புச் சட்டியைக் காட்டி வேண்டாம் என்று தலையாட்டினார். அப்புறம் இன்னொரு மூடியைத் திறந்து உருளைக்கிழங்கைக் காட்டினார். சாப்பிட்டேன்.

ஆகவே தம்பி, "மீன் இருக்கிறதா" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "மாச்சேர் மாதா", அதாவது மீன் தலை, போட்டதா என்று பருப்பைக் காட்டிக் கேளுங்கள். காய் கூட்டில் "சிங்ரி" என்றால் இறால், வாழைப்பூவில் போடுவார்கள். "டிம்" என்றால் முட்டை. மூடியைத் திறந்து பார்ப்பதில் யாருக்கும் கோபம் வராது.

03.09.2024

அந்த ஊரில் சாப்பிட ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடப் போகிறது, அப்படி இல்லை. கசகசா அரைத்துப் போட்ட உருளைக்கிழங்கு, "ஆலு போஸ்தோ". சுடுசோற்றில் பிசைந்து சாப்பிட்டுப் பாருங்கள்.

21.09.2024

புரட்டாசி. ஊரில் இருக்கிறேன். நாமக்கல் பக்கம் கோழியும் முட்டையும் விலை இறங்கும் மாதம். லைன் ஹோட்டல்காரர்களும் இப்போது சைவச் சாப்பாடு கூடுதலாகப் போடுகிறார்கள். சைவமாகப் பழகிப் பார்க்க நினைக்கிற டிரைவர்களுக்கு இந்த மாதம் நல்ல மாதம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

"முட்டை லோடு ஏற்றுவீர்களா?" என்ற கேள்விக்கு: ஏற்றியிருக்கிறேன், கேரளாவுக்கு. சாப்பிட மாட்டேன். நம் பள்ளிக்கூடச் சத்துணவில் போடுகிற முட்டையும் இங்கிருந்து போவதுதான். அதைத் தின்று வளர்கிற பிள்ளையிடம் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. கறிக்கோழி லோடு மட்டும் 2012க்குப் பிறகு தொட்டதில்லை. அதனால் இரண்டு முதலாளிகளிடம் வேலை போயிற்று, போகட்டும்.

06.10.2024

ஆம்லெட் போட்ட கல்லில் தோசை பரவாயில்லை என்று ஆகஸ்டில் எழுதியதற்கு ஒரு அம்மா நீளமாக மறுப்பு எழுதியிருந்தார். "உங்களுக்குப் பரவாயில்லை என்றால் எல்லோருக்கும் பரவாயில்லை என்று ஏன் எழுதுகிறீர்கள்? எனக்கு அந்த வாசத்தில் சாப்பாடு இறங்காது" என்று. நியாயம். நான் எழுதிய விதம் சரியில்லை.

என் கோடு இது: என் தட்டுக்கு வருவதற்காக ஒரு உயிர் போகக் கூடாது. கல்லில் முன்னால் என்ன வெந்தது என்பது அதில் வராது. ஆனால் மீன் பொரித்த கடுகெண்ணெயிலேயே கத்திரிக்காய் பொரித்துக் கொடுத்தால் நானும் தொட மாட்டேன். அப்படிப் பார்த்தால் என் கோடும் நேராக இல்லை. யோசித்துப் பார்த்தேன், எண்ணெயில் ருசி ஏறிவிடுகிறது, அந்த ருசி எனக்கு ஆகவில்லை, அவ்வளவுதான் காரணம். அந்த அம்மாவுக்கு வாசத்திலேயே நின்றுவிடுகிறது. ஆளுக்கு ஒரு இடத்தில் நிற்கும். எங்கே நிற்கிறது என்று வீட்டிலிருந்து கிளம்பும் முன்னே தெரிந்துகொண்டால் கடையில் தடுமாற வேண்டியதில்லை. கல்லே ஆகாதவர்களுக்கு தோசை வேண்டாம், இட்லி போதும். ஆவியில் வெந்ததற்கு எந்த ஊரிலும் சந்தேகம் குறைவு.

என் ஜோடி டிரைவர் ராசிபுரத்துக்காரர், தினமும் மீன் கேட்கிற ஆள். ஏழு வருஷம் ஒன்றாக ஓட்டுகிறோம். குக்கரும் கடாயும் சைவம், அவருக்கு வேண்டியதைக் கடையில் வாங்கித் தனித் தட்டில் சாப்பிடுவார். இதை முதல் டிரிப்பிலேயே பேசி முடித்துவிட்டோம். நான் ஓட்டும்போது எனக்கும் சேர்த்து அவர்தான் சோறு வடிப்பார். என் பொடி டப்பாக்களுக்கு "வைத்தியர் பெட்டி" என்று பெயர் வைத்திருக்கிறார், ஆனால் ஒடிசா தாண்டினால் பருப்புப் பொடியை முதலில் காலி செய்வதும் அவர்தான். தம்பி, ஜோடி டிரைவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நாலாவது நாள் சொன்னால் அது சண்டையாகத்தான் முடியும்.

05.11.2024, பத்ரக்

கார்த்திகை மாதம் நடக்கிறது இங்கே, நம் கணக்குக்கு முன்னாலேயே தொடங்கிவிடும். ஒடிசாவில் நிறையப் பேர் இந்த மாதம் முழுக்க மீன், கறி தொடுவதில்லை. மற்ற மாதங்களிலும் திங்கள், வியாழன் ஒதுக்குகிற வீடுகள் உண்டு. இந்த மாதம் லோடு கிடைத்தால் நான் விடுவதில்லை. நேற்று மதியம் சாப்பிட்டது டால்மா: துவரம்பருப்போடு பப்பாளிக்காய், வாழைக்காய், பூசணி எல்லாம் வேக வைத்து, நெய்யில் சீரகமும் காய்ந்த மிளகாயும் தாளித்து, மேலே வறுத்த சீரகப் பொடி. நம் சாம்பாரிலிருந்து புளியை எடுத்துவிட்டது மாதிரி இருக்கும், ஆனால் அதைவிடக் கெட்டி.

இங்கிருந்து வங்காளம் நுழைந்ததும் ஒரு எச்சரிக்கை. "நிராமிஷ்" என்றால் சைவம் என்று என் ஜோடி டிரைவருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். போன வாரம் காளி பூஜை. அன்றைக்கு ஒரு கடையில் "நிராமிஷ் மாங்ஷோ" என்று எழுதி வைத்திருந்தார்கள். வெங்காயம், பூண்டு இல்லாமல் சமைத்த ஆட்டுக்கறி! பூஜைக்குப் படைக்கிற கறி அப்படித்தான் செய்வார்களாம். பின்னால் வருகிற சொல்லையும் கேட்டுவிட்டு உட்காருங்கள்.

கௌஹாத்தி வரை போகிறவர்களுக்கு: "மார்வாடி பாசா" என்று விசாரியுங்கள். மார்வாடிகள் நடத்துகிற சாப்பாட்டுக் கடை, கேள்வியே கேட்காமல் சாப்பிடலாம். ரொட்டி, பருப்பு, ஒரு காய், மோர். வடக்கே போகிறவர்களுக்கு அரியானாவில் முர்தல், வரிசையாகச் சைவ தாபாக்கள், பரோட்டாவின் மேல் வெண்ணெய் உருண்டை. அது நம் பரோட்டா இல்லை, உள்ளே கிழங்கு வைத்துச் சுடுவது.

24.11.2024, நாக்பூர்

சேலத்து ஜவ்வரிசி இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். இந்த லோடு இங்கே எதற்குப் போகிறது தெரியுமா? விரதச் சாப்பாட்டுக்கு. நம் ஊரில் பாயசத்துக்கும் வற்றலுக்கும் போடுவதை இவர்கள் ஏகாதசிக்கு உப்புமா மாதிரி கிண்டிச் சாப்பிடுகிறார்கள். மூட்டை இறக்குகிற ஒருவர் தன் டப்பாவிலிருந்து பாதியைக் கொடுத்தார். மணி மணியாகத் தனித்தனியே நின்றது. எப்படி ஒட்டாமல் வருகிறது என்று கேட்டுக்கொண்டேன்: நன்றாகக் கழுவி, ஜவ்வரிசியை மூடுகிற அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு நான்கைந்து மணி நேரம் ஊற வைக்க வேண்டும். வறுத்த வேர்க்கடலைப் பொடியைக் கலந்து, சீரகம், பச்சை மிளகாய், உருளைக்கிழங்கோடு கடாயில் கண்ணாடி நிறம் வரும் வரை புரட்ட வேண்டும். காலையில் ஊறப் போட்டால் ஓட்ட ஓட்ட ஊறிவிடும், மதியம் ஹால்ட்டில் பத்து நிமிஷ வேலை. 12 வருஷம் மூட்டை மூட்டையாகச் சுமந்த பொருளை வண்டியில் சமைக்கலாம் என்று இப்போதுதான் தெரிந்தது.

12.01.2025

தயிர். மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ராத்திரி வாங்கிய பாலைக் காய்ச்சி, விரல் வைத்தால் பொறுக்கிற சூட்டில் ஒரு கரண்டி பழைய தயிர் கலந்து பிளாஸ்கில் ஊற்றி மூடுங்கள். வண்டி ஆடினால் உறையாது என்பார்கள். கொஞ்சம் உடைந்துதான் வரும், மோருக்கு அது போதும். உறை தீர்ந்துபோனால் பச்சை மிளகாய்க் காம்பு நாலைந்து போடுங்கள், நேரம் அதிகம் பிடிக்கும். ஜனவரியில் ஒடிசா தாண்டினால் பிளாஸ்கைப் போர்வைக்குள் சுற்றி வையுங்கள்.

பீகார், ஜார்கண்ட் பக்கம் போனால் சமைக்கவே வேண்டாம், சத்து மாவு இருக்கிறது. வறுத்த கொண்டைக்கடலை மாவு. தண்ணீரில் கரைத்து, வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, எலுமிச்சை. ஒரு சொம்பு குடித்தால் நாலு மணி நேரம் பசி எட்டிப் பார்க்காது.

19.01.2025

கேள்வி கேட்ட தம்பி ஒடிசாவில் பிரம்மபூர் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறார், இரண்டாவது டிரிப்பாம். முதல் டிரிப் முழுக்கச் சைவமாகவே போய் வந்தாராம். இந்த முறை சிலிண்டர் தீர்ந்துவிட்டது, ஜோடி டிரைவர் தூங்குகிறார், எதிரே ஒரு கடை, சட்டியில் பழைய சோறு மாதிரி ஏதோ இருக்கிறது, சாப்பிடலாமா என்று கேட்கிறார்.

சாப்பிடலாம் தம்பி. அது பகாளா, நம் பழைய சோறேதான். சோற்றில் பிரச்சினை இல்லை, பக்கத்தில் வைப்பதில்தான் பார்க்க வேண்டும். பொரித்த சின்ன மீனோ, "சுகுவா" என்கிற கருவாடோ வைப்பார்கள். இரண்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். "சாகோ" என்றால் கீரை, "படி" என்றால் உளுந்து வடகம், அதை நொறுக்கி வெங்காயம், பூண்டு சேர்த்துத் தருவார்கள். இரண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் நார்த்தங்காயில் ஒரு துண்டைக் கடைக்காரருக்கும் கொடுங்கள். சிலிண்டரைப் பகலில் மாற்றிக்கொள்ளலாம்.